கோச்சுக்கு மூன்று வருஷம்

மார்ச் 4

குட்டி,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ தூக்கிப் போட்டாலும் அது மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தீர்ப்பைக் கேட்க நீ வராததே நல்லதாகப் போயிற்று. மூன்று வருஷம். விசாரணைக் கைதியாக இருந்த காலத்தை அதில் கழித்துக்கொள்ளலாமாம். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் அடுத்த வருஷம் இதே நேரத்தில் வெளியே வந்துவிடுவான் என்றார் அரசு வக்கீல் அம்மா. உன் தாடையில் வைத்த தகடு அவனைவிட அதிக காலம் உள்ளே இருக்கும்.

நீதிபதி வாசித்ததை நான் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். “விலகிப் போன மனைவியைத் திரும்ப அழைக்கச் சென்ற இடத்தில், கணநேர உணர்ச்சி வேகத்தில், கையில் கிடைத்த கம்பியை எடுத்து” என்று எழுதியிருக்கிறார். கையில் கிடைத்ததாம். ஏதோ காற்றில் பறந்து வந்து அவன் கைக்குள் உட்கார்ந்த மாதிரி. முதல் குற்றமாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவனாம். ‘கோச்’ ரொம்ப நல்லவர் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள், ஒரு கட்டு. அதில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் பேரும் இருந்தது. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வந்தவர்களுக்கு, எவன் யோக்கியன் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அவன் அழுதான். நீதிபதி வாசிப்பதை நிறுத்திவிட்டு, “அவருக்குத் தண்ணி குடுங்க” என்றார். சாட்சிக் கூண்டில் நீ இருமி இருமித் தவித்த அன்றைக்கு ஒருவரும் அசையவில்லை. என் பக்கத்தில் பாட்டில் இருந்தது, எழுந்துபோகக் கூடாது என்று போலீஸ்காரர் தோளைப் பிடித்தார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய நமக்கு உரிமை இல்லையாம். அரசுதான் செய்ய வேண்டும், அதுவும் இரண்டு மாதத்துக்குள். பாதிக்கப்பட்டவர் எழுதிக்கொடுத்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பேன் என்றார் அரசு வக்கீல் அம்மா. நான் உன் பேரில் எழுதிவிட்டேன். தாள் இதோடு இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. யோசித்துக்கொண்டு உட்காராதே.

அக்கா

மார்ச் 11

அக்கா,

தாளைக் கிழித்துவிட்டேன். இடது கையால் எழுதுவதைவிடக் கிழிப்பது சுலபம். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், அதனால் ஒவ்வொரு வரியும் நன்றாக யோசித்து எழுதியது என்று வைத்துக்கொள்.

கோர்ட்டுக்கு நான் இனிமேல் வர மாட்டேன். அவன் வக்கீல் அன்றைக்குக் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். அதையே சட்டை மாற்றிச் சட்டை மாற்றிக் கூட்டிவந்தார். “நீங்க அவர என்ன சொன்னீங்க?” நான் சொன்னேன், “கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் பேசலாம்னு சொன்னேன்.” “அவ்வளவுதானா?” “அவ்வளவுதான்.” “மூஞ்சிய எப்படி வச்சுக்கிட்டுச் சொன்னீங்க?”

மூஞ்சி உடைந்தவளைப் பார்த்து இந்தக் கேள்வி. நீதிபதி அதையும் குறித்துக்கொண்டார்.

இந்த ஊரில் யாருக்கும் என்னைத் தெரியாது. லாண்டரியில் துணி வாங்கி ரசீது எழுதுகிற பெண், அவ்வளவுதான். பார்லரில் கத்தரிக்கோல் பிடித்த கைக்கு ஹேங்கர் மாட்ட வருகிறது. விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் கார் கதவில் நசுங்கியது என்கிறேன். யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குப் புரியாது. உனக்குக் கோபம் தீர வேண்டும். எனக்குத் தூக்கம் வேண்டும். அவன் அடுத்த வருஷம் வெளியே வந்தால் நான் இன்னும் தள்ளிப் போய்க்கொள்கிறேன். ஊருக்கா பஞ்சம்.

மேல்முறையீடு வேண்டாம் என்று அரசு வக்கீலிடம் சொல்லிவிடு. என்னைக் கேட்காமல் என் விஷயத்தில் முடிவெடுக்க எனக்கு ஏற்கனவே ஒருவன் இருந்தான்.

தங்கை

மார்ச் 20

குட்டி,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. என்னிடம் கற்றுக்கொள்கிற பேங்க் மேனேஜர், “மேடம், உடம்பு சரியில்லையா? இன்னிக்கு என்னைத் திட்டவே இல்லையே” என்று பயந்துபோய்க் கேட்டார். அவனையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாய். சரி. எழுதியது எழுதியதுதான். நானும் அதை அழிக்கச் சொல்லவில்லை.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அவன் அம்மா டிரைவிங் ஸ்கூலுக்கே வந்துவிட்டாள். லைசென்ஸுக்குக் காத்திருந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போகும்வரை பொறுமையாக இருந்தாள்.

“அவ எப்படி இருக்கா?” என்றாள்.

“தாடையில தகடு வச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கா.”

“நடந்தது நடந்துபோச்சும்மா. போன வாரம் அவனப் பாத்துட்டு வந்தேன். ரொம்ப மாறிட்டான். அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு துடிக்கிறான்.”

“எழுதி அனுப்பச் சொல்லுங்க.”

“எழுதுனா சரியா வராதாம். நேர்லதான் கேக்கணுமாம். அவ இப்ப எந்த ஊர்ல இருக்கா? எங்க வேல பாக்குறா? கேட்டுட்டு வாம்மான்னு சொல்லிவிட்டான்.”

சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “எனக்கே அட்ரஸ் தரல. எங்க ரெண்டு பேருக்கும் சண்டை” என்றேன். பாதி உண்மைதானே. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “தெரிஞ்சா சொல்லும்மா, நான் போறப்பல்லாம் அவன் கேப்பான்” என்றாள். அவளிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. மகன் ஒன்று கேட்டான், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மறுபடியும் உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தவளாகிவிடுவேன். அதனால் எழுதிவிட்டேன். இனி நீ சொல்.

அக்கா

மார்ச் 28

அக்கா,

இனிமேல் கவருக்குப் பின்னால் உன் பேர், ஊர் எதுவும் எழுதாதே.

மன்னிப்பு. அந்த வார்த்தையை அவன் எந்தக் குரலில் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் நீ அழுதுகொண்டே இருந்தாய். அழுகிறவளிடம் எதைச் சொல்வது.

அன்றைக்குக் கடையில் ஒரு அம்மா தலையில் டை தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் உள்ளே வந்தான். அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னான். “அப்புறம் பேசலாம்” என்று நான் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனான். போய்விட்டான் என்று நினைத்துச் சீப்பை எடுத்தேன். அவன் போகவில்லை. கண்ணாடிக் கதவில் தொங்கிய போர்டை ‘மூடியிருக்கிறது’ பக்கம் திருப்பினான். மேல் தாழ்ப்பாளைப் போட்டான். அது கொஞ்சம் இறுகும், உனக்குத் தெரியும். இறுகியது, தட்டிப் போட்டான். வாட்ச்சைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தான். அதற்குப் பிறகுதான் ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்தான்.

கத்தவே இல்லை, அக்கா. தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகளிடம் பேசுவானே, அதே குரல். “கைய எடு. கைய எடுன்னு சொல்றேன்ல.” முகத்தை மறைத்திருந்த கையைத்தான் எடுக்கச் சொன்னான். எடுக்கவில்லை. விரல் போனது அதனால்தான்.

உணர்ச்சி வேகமாம்! வாட்ச்சுக்கு அடிபடக் கூடாது என்று பார்த்துக்கொண்டவன் அவன்.

கோர்ட்டில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார்கள்.

நான் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

தங்கை

ஏப்ரல் 9

குட்டி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்ததைச் சொல்கிறேன். முழுக்கப் படித்த பிறகு திட்டு.

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. நேராக அரசு வக்கீல் அம்மாவின் அறைக்குப் போனேன். அறை என்றால் அறையா அது. நாற்காலி மேல் கட்டு, ஜன்னல் மேல் கட்டு, அவர் டிபன் பாக்ஸை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “டை தடவியிருந்த அம்மா சாட்சி சொன்னாங்களே, அதுல வாட்ச்னு ஏதாவது வருதா, பாருங்க” என்றேன். “அன்னிக்கு நடந்ததப் பத்திப் புதுசா எதையும் மேல்கோர்ட்ல சேக்க முடியாதும்மா” என்றார். “புதுசு இல்ல. ஏற்கனவே சொல்லியிருந்தாங்கன்னா?” என்றேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு தேடினார்.

இருந்தது, குட்டி. எல்லாம் இருந்தது. போர்டைத் திருப்பினார், தாழ்ப்பாளைப் போட்டார், வாட்ச்சைக் கழற்றினார், கடையைச் சாத்துகிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்தேன் என்று அந்த அம்மா வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அரசு வக்கீல் அம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தீர்ப்பை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தார். “தாழ்ப்பாள்னு ஒரு வார்த்த இல்ல” என்றார். மறுபடியும் படித்தார். பிறகு அவர் அந்த நீதிபதியைச் சொன்ன வார்த்தையை நான் எழுத முடியாது. படித்தவர்கள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவன் அம்மா வந்து உன் ஊரைக் கேட்டதையும் சொன்னேன். உடனே போலீஸில் எழுதிக்கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். அது என் வாக்குமூலம், என் பேரில்.

அரசு மேல்முறையீடு போட்டுவிட்டது. உன் கையெழுத்து தேவைப்படவில்லை. விசாரணை ஜூலையில். நீ வர வேண்டிய கட்டாயம் இல்லை. வந்தால், இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்கலாமாம். கேட்கட்டுமா? இது கேள்வி. கேள்விக்குறி போட்டிருக்கிறேன், நன்றாகப் பார்.

முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அதை ஒரு வரியில் எழுதிவிட்டேன், இழுக்கச் சொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

வருகிறேன்.

உனக்காக இல்லை. அவன் என் ஊரைக் கேட்டான் என்று நீ எழுதியதிலிருந்து கடைக் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ரசீதுப் புத்தகம் கையிலிருந்து நழுவுகிறது. எப்படியும் தூக்கம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது கோபம்தான், அதையாவது உருப்படியாகச் செலவு செய்வோம்.

லாண்டரிக்காரம்மாவிடம் லீவு கேட்டேன், உண்மையைச் சொல்லித்தான் கேட்டேன். “அப்ப கார் கதவு இல்லையா?” “இல்லம்மா.” “எனக்கு அன்னிக்கே தெரியும். கார் கதவு இத்தன விரலப் பிடிக்காது” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, “போறன்னிக்கு அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போ, நான் தேச்சுத் தரேன்” என்றார்.

என் நிபந்தனைகள். என் பக்கத்தில் உட்காரக் கூடாது. நீ உட்கார்ந்தால் என் பிரேக்கையும் நீயே மிதிப்பாய். கையைப் பிடிக்கக் கூடாது. கத்தவே கூடாது. முக்கியமாக, கத்தவே கூடாது.

தங்கை

ஜூலை 19

அக்கா,

கத்தவே கூடாது என்று எழுதியிருந்தேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேனே, நேரமெல்லாம் ஆகவில்லை. ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் பேசினால் நானும் கத்தியிருப்பேன். “அவர் ஒரு விளையாட்டு வீரர், ஜெயில்ல அவர் திறமை வீணாப் போகுது” என்று அந்த வக்கீல் சொன்னபோது எனக்கும்தான் ரத்தம் கொதித்தது. அதற்காக எழுந்து நின்று, “அவ கை வீணாப் போச்சே, அதுக்கு என்னய்யா சொல்ற?” என்று கேட்டால் வெளியேதான் தள்ளுவார்கள். போலீஸ்காரர் உன்னை நகர்த்திக்கொண்டு போனபோது என் மானமே போயிற்று. இரண்டு நாள் கழித்து, ஹேங்கர் மாட்டிக்கொண்டிருக்கும்போது, சிரிப்பு வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ கதவுக்கு வெளியே போன பிறகு நடந்தது இது.

அரசு வக்கீல் அம்மா அந்தச் சாட்சியத்தை நிதானமாக வாசித்தார். மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவன் வக்கீலைப் பார்த்தார். “போர்டத் திருப்பினது உண்மையா?” “அது... ஆமாம்மா.” “தாழ்ப்பாள் போட்டது?” “சாட்சி அப்படிச் சொல்றாங்க.” “நீங்க அத மறுத்தீங்களா?” “இல்லம்மா.” “அப்ப போர்டத் திருப்பி, தாழ்ப்பாளப் போட்டு, வாட்ச்ச எடுத்து வச்சு, இதெல்லாம் முடிச்ச பிறகுதான் அவருக்கு உணர்ச்சி வேகம் வந்துச்சா?” வக்கீல் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்தேன், இடது கையால் எழுதியது, எனக்கே படிக்க வரவில்லை. தலையைத் தூக்கினால் எதிரில் அவன். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், அக்கா. பயப்படாம குதி, நான் இருக்கேன் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவானே, அந்தத் தலையசைப்பு. நான் பேச அவன் அனுமதி கொடுக்கிறான்!

தாளை மடித்துவிட்டேன். “இவர்மேல எனக்கு இருக்கற பயத்தப் போக்கச் சொல்லி நான் கேக்கல. அது உங்களால ஆகாது. இவர் வெளிய வர்றதுக்குள்ள நான் எவ்வளவு தூரம் போகணும்னு மட்டும் சொல்லுங்க. நான் இதுவரைக்கும் போயிருக்கற தூரத்த இவர் இப்பவே விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். உள்ள இருந்துகிட்டே” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். “உக்காருங்க. தண்ணி வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அவன் பக்கம் பார்த்தேன். அவன் தலையசைக்கவில்லை.

தீர்ப்பு அன்றைக்கு நான் வரவில்லை. நீ போ. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு போ.

தங்கை

ஆகஸ்ட் 7

குட்டி,

ஒன்பது வருஷம்.

கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். மூன்று வருஷம் என்பது சற்றுக் குறைவு என்பதல்ல, செய்த குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாதது என்று நடுவில் இருந்த நீதிபதி அம்மா வாசித்தார். தாழ்ப்பாள் என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வந்தது என்று எண்ணக்கூட முடியவில்லை. ஆபத்தானவன் என்று எழுதியிருக்கிறார்கள், வெளியே வந்த பிறகும் உன் பக்கம் நெருங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்து ஆள் விட்டு விசாரித்ததற்கு ஒரு பத்தி தனியாக.

அவன் இந்தத் தடவை அழவில்லை. யாரும் தண்ணீர் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டதோ என்னவோ. வக்கீலிடம் ஏதோ சிடுசிடுத்தான். அந்த முகத்தை ஊரில் யாருமே பார்த்ததில்லை, நீ ஒருத்தியைத் தவிர.

வராந்தாவில் அவன் அம்மா என் எதிரில் வந்து நின்றாள். “இப்ப சந்தோஷமா?” என்றாள். நாக்கு நுனியில் நிறைய வந்தது. “சந்தோஷப்பட இதுல என்னம்மா இருக்கு?” என்றுதான் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நகர்ந்துவிட்டேன். கூடவே நின்று ஆறுதல் சொல்ல என்னால் முடியாது, நான் அவ்வளவு பெரிய மனசுக்காரி இல்லை.

ஊர் இப்போது வேறு பாட்டுப் பாடுகிறது. அவனை நல்லவர் என்று எழுதிக்கொடுத்த ஒருவர், மகளுக்குக் கார் கற்றுக்கொடுப்பதைப் பார்க்கிறேன் என்று பின்சீட்டில் ஏறினார். “எங்களுக்கு அப்பவே லேசா சந்தேகம்தான் மேடம். கேட்டாங்க, கையெழுத்துப் போட்டோம். மத்தபடி ஒண்ணும் இல்ல” என்றார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். “எறங்குங்க” என்றேன். பாலத்து மேலே, நல்ல வெயில். மகள் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அந்தப் பெண் வண்டியை ஒரு தடவைகூட அணைய விடாமல் ஓட்டினாள்.

சந்தோஷமா என்று உன்னை நான் கேட்கப் போவதில்லை.

அக்கா

ஆகஸ்ட் 13

அக்கா,

கவுண்டரில் நின்றபடியே படித்தேன். எதிரில் ஒருவர் கோட்டை நீட்டிக்கொண்டு நின்றார், வாங்க மறந்துவிட்டேன். லாண்டரிக்காரம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “எவ்வளவு?” என்றார். “ஒன்பது.” “ம்” என்று சொல்லிவிட்டுக் கோட்டை அவரே வாங்கிக்கொண்டார்.

சந்தோஷம் இல்லை. தீர்ப்பு வந்தால் கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தேன், அது போகவில்லை. இவ்வளவு நாள் நெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, இப்போது இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூச்சு விட முடிகிறது. ஆனால் அந்த முதல் நீதிபதி நாளைக்கும் அதே நாற்காலியில்தான் உட்காரப் போகிறார். வேறு எவளோ ஒருத்தி போய் நிற்பாள். மூஞ்சியை எப்படி வைத்திருந்தாய் என்று அவளையும் கேட்பார்கள். அவளுக்கு உன்னை மாதிரி ஒரு அடங்காத அக்கா இல்லாவிட்டால் அவளுடைய மூன்று மூன்றாகவே இருந்துவிடும். அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நிறைய நல்ல வார்த்தை எழுதிவிட்டேன், தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

வேலையை விடப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு நாள் இருக்கிறேன். காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வராதே. நடந்துதான் வருவேன். பின்சந்து வழியாக இல்லை. நீச்சல் குளத்தைத் தாண்டி, கடைத்தெரு முழுக்க, எல்லாக் கடையும் திறந்திருக்கிற நேரத்தில், முகத்தை மூடாமல். அவனுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் அவரவர் வாசலில் இருப்பார்கள். இத்தனை நாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்து நடந்தவள் நான். இனிமேல் எங்கே பார்ப்பது என்று அவர்கள் யோசிக்கட்டும்.

தங்கை